சாரலில் மனை பார்த்தால் போதாது

ஆனி பிறந்து மேற்கே மேகம் கட்டியதும் தென்காசி வட்டாரத்தில் நில வியாபாரம் சூடுபிடிக்கும். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்தவர்கள் பேரருவியில் தலை நனைத்து, ஐந்தருவிச் சாலையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கித் தின்று, திரும்பும் வழியில் இங்கேயே நமக்கு ஒரு வீடு இருந்தால் என்ன என்று நினைக்காமல் இருப்பதில்லை. அந்த நினைப்பு தரகருக்குத் தெரியும். காரை நேரே ஆற்றங்கரைக்கு விடச் சொல்வார். முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரியும் தெளிவு, முகத்தில் விழும் சாரல். பல பேருக்கு அங்கேயே மனசு முடிவாகிவிடுகிறது, முன்பணமும் கைமாறிவிடுகிறது.

அப்போது அவர்கள் பார்ப்பது ஆண்டிலேயே மிகச் சாதுவான தண்ணீர். வீட்டு வாசலுக்கு வரப்போகும் தண்ணீர் ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீர். இரண்டும் ஒரே ஆற்றில் ஓடினாலும், வருகிற வழியும் வேகமும் வேறு. ஆற்றங்கரையில் வீடு வாங்க நினைக்கிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவில் மோதி மேலேறுகிறது. மேலேறும் காற்று குளிர்கிறது, ஈரம் மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது பெரும்பாலும் வறண்ட காற்று. அதனால்தான் நெல்லைச் சீமையின் பெரும்பகுதி ஆடியில் புழுதி பறக்கக் கிடக்கிறது. ஆனால் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையில் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாசல் விட்டிருக்கிறது. கொட்டித் தீர்த்ததுபோக மிச்சமிருக்கும் மேகம் அந்த வாசல் வழியாகவும் அதையொட்டிய முகடுகளைத் தாண்டியும் நம் பக்கம் கசிகிறது. அதுதான் சாரல். துளி சிறியது, பெய்யும் நேரம் நீளம், மணிக்கணக்கில் பார்த்தால் அளவு சொற்பம். குற்றாலத்தின் திரிகூட மலைக்காட்டின் மண்ணும் இலைச்சருகும் அதைக் குடித்து, நாள்கணக்கில் மெதுவாக விடுகின்றன. அருவி ஒரே சீராக விழுகிறது, ஆறு ஒரே சீராக ஓடுகிறது.

வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். காற்று வங்கக் கடலிலிருந்து வருகிறது. நம் பக்கத்துச் சரிவே அதை எதிர்கொள்ளும் முகமாகிவிடுகிறது. தாழ்வு மண்டலம் ஒன்று குமரிக் கடல் பக்கம் நின்றுவிட்டால் அடர்ந்த மேகங்கள் வரிசையாக வந்து மலையில் மோதும். சில மணி நேரத்தில் பெய்துவிடுகிற மழை ஒரு மாதச் சாரலுக்குச் சமமாகும். காட்டு மண் ஏற்கெனவே ஊறி நிற்பதால் புதிய மழை உள்ளே இறங்க இடமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் இதைக் கண்டன. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாகி, தாமிரபரணி இரு கரையையும் மீறியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12, 13 தேதிகளில் தென்காசி மாவட்டமே வெள்ளத்தில் சிக்கியது. குற்றாலத்து அருவிகள் எல்லாவற்றிலும் வெள்ளம் பெருக்கெடுத்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றித் தாமிரபரணிக் கரைக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

கோடை இடிமழை மூன்றாவது வகை. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே இறங்கிவிட்டது. சுற்றுலா வந்திருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் அதில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். பழைய குற்றாலத்தில் விழுவது அழுதகண்ணி ஆற்றின் நீர். அதே ஆற்றின் கரையில்தான் கீழே தோட்டங்களும் தங்கும் விடுதிகளும் வீட்டு மனைகளும் இருக்கின்றன. அருவியில் குளிக்கத் தடை போட அங்கே காவல்துறை நிற்கிறது. கீழே தனியார் மனையில் தூங்குகிறவரை எழுப்ப யாரும் வருவதில்லை.

இவ்வளவு விரைவாக வெள்ளம் வரக் காரணம் மலையின் அமைப்பு. சார்னோக்கைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறைகள், அவற்றின் மேல் மெல்லிய மண் போர்வை, செங்குத்தான சரிவு. சிற்றாறு பேரருவியாக விழும் இடத்துக்கு மேலே தண்ணீரைத் தேக்கிவைக்க அணை கிடையாது. பொங்குமாகடல் என்கிற பாறைப் பள்ளம் விழுகிற நீரின் வேகத்தை உடைக்கிறதே தவிர, வெள்ளத்தைத் தேக்கும் கொள்ளளவு அதற்கு இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர். 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள ஒரு சிற்றோடையை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் 50 கோடி லிட்டர். மண் ஊறி நிற்கும் நேரத்தில் அதில் 60 சதவீதம் வழிந்தோடுகிறது என்றால் 30 கோடி லிட்டர், அதாவது வினாடிக்கு 83,000 லிட்டருக்கு மேல். அணைக்கட்டுக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 3,000 கன அடி. 20 மீட்டர் அகல ஓடையில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இது போனால் ஆழம் 1.4 மீட்டர், வளர்ந்த ஆளுக்கு நெஞ்சளவு. ஆடியில் கணுக்கால் நனைய நீங்கள் தாண்டிய ஓடைதான் இது.

அணைக்குக் கீழே உள்ள கரை வேறு கணக்கு. செங்கோட்டைக்கு மேற்கே கண்ணுப்புளிமெட்டில் உள்ள குண்டாறு அணையின் உயரம் 36 அடிதான். மாவட்டத்தில் சீசனின் தொடக்கத்திலேயே நிரம்பி வழிவது அதுதான். மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே உள்ள அடவிநயினார் அணை 132 அடி. அணை காலியாக இருக்கும்வரை கீழ்க்கரைக்குப் பாதுகாப்பு. நிரம்பிய பிறகு வருகிற வெள்ளம் அப்படியே கீழே போகும். நிரம்பிய அணையின் மேல் கார்த்திகை மழை விழுந்தால் உபரி நீரைத் திறப்பதைத் தவிரப் பொறியாளருக்கு வேறு வழி கிடையாது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் வீடு வைத்திருந்த சென்னைவாசிகள் அதை நேரில் கண்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்க வேண்டி வந்தது. அணைக்குக் கீழ் வீடு வாங்குகிறவர், திறந்துவிடும் எச்சரிக்கை எந்த வழியில் தன் தெருவுக்கு வந்து சேரும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

‘நூறு வருஷத்தில் ஒரு தடவைதான் சார் இப்படி வரும்’ என்று விற்பவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. நீரியலில் நூறாண்டு வெள்ளம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் ஒரு முறை வந்துவிட்டால் அடுத்த 99 ஆண்டு நிம்மதி என்று அதற்கு அர்த்தம் கிடையாது. எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். 30 ஆண்டு அந்த வீட்டில் குடியிருந்தால் ஒரு முறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். நூற்றில் ஒன்று என்கிற கணக்கே பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். குறுகிய நேரத்தில் கொட்டும் மழை வலுக்கிறது. பழைய நூறாண்டு வெள்ளம் இனி இன்னும் சீக்கிரம் திரும்பி வரும் என்றே கொள்ள வேண்டும்.

வெள்ளம் வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் புகும், வடிந்ததும் கழுவிவிடலாம் என்று நினைப்பது சமவெளி வெள்ளத்துக்குப் பொருந்தும். மலையடிவார வெள்ளம் ஓடுகிற வெள்ளம். ஓடும் நீரின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 450 கிலோ எடையோடு தள்ளும். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. புரட்டி வரும் கற்களின் கதை இன்னும் மோசம். நீர் உருட்டக்கூடிய பாறையின் எடை வேகத்தின் ஆறாம் மடியாகக் கூடும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கணக்கிட்டார். வேகம் இரண்டு மடங்கானால் 64 மடங்கு கனமான பாறை நகரும். ஆற்றுக்கு நடுவே அழகாக உட்கார்ந்திருக்கிறதே, நாம் மேலேறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய பாறை, அதுவும் ஒரு நாள் தண்ணீரில் உருண்டு வந்ததாக இருக்கலாம்.

கரையில் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறோம், பயமில்லை என்பார்கள். சுவரை நான் நம்புவதில்லை. சுவர் கட்டிய விதத்தைப் பார்த்த பிறகே நம்புவேன். கரைச்சுவர்கள் பல நேரம் வெள்ளம் ஏறும்போது விழுவதில்லை, இறங்கிய பிறகு விழுகின்றன. வெள்ளம் நிற்கும்போது சுவருக்குப் பின்னால் உள்ள மண் முழுக்க ஊறிவிடும். முன்பக்கத்துத் தண்ணீர் அந்தச் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறு மளமளவென்று வடிந்ததும் முன்பக்கத் தாங்கல் போய்விடுகிறது. பின்பக்கத்தில் மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கியிருந்தால் சுவரின் அடியில் தண்ணீர் அழுத்தம் மட்டுமே சதுர மீட்டருக்கு 3 டன் இருக்கும், மண் அழுத்தம் தனி. சுவர் ஆற்றுப் பக்கம் சாய்கிறது. அதனால்தான் சுவரில் வரிசையாக வடிதுளைகள் இருக்கின்றனவா, அவை அடைபடாமல் இருக்கின்றனவா, அஸ்திவாரம் ஆற்று மணலில் நிற்கிறதா, பாறையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். மணலில் நிற்கும் சுவரின் காலடியைத் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும்.

இனி மனையைப் பார்க்கும் விதம். பத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் தோண்டிய கிணறு ஏதாவது இருந்தால் அதன் உட்சுவரைப் பாருங்கள். தென்காசிப் பக்கம் கல் கட்டாத தோட்டக் கிணறுகள் இன்னும் இருக்கின்றன. மேலே இரண்டு அடி செம்மண், அதன் கீழே ஒரு முழம் பொடி மணல், அப்புறம் முட்டை முட்டையாக உருண்ட கற்கள், மறுபடி வண்டல், மறுபடி உருண்ட கல் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கிறது. கல் தானாக உருண்டையாவதில்லை. தண்ணீரில் உருண்டு உருண்டுதான் முனை மழுங்கும். ஒரு அடுக்கு ஒரு பெருவெள்ளம். கற்கள் எவ்வளவு பெரியவையோ அந்த வெள்ளம் அவ்வளவு வேகம். இதற்கு மாறாக மேல்மண்ணுக்குக் கீழே முனை மழுங்காத சரளையும், அதற்குக் கீழே உக்கிய பாறையும் அப்புறம் கெட்டிப் பாறையும் வந்தால், அது ஆறு தொடாத மேட்டு நிலம். நிலத்தின் மூலப்பத்திரம் என்று நான் கருதுவது இந்தக் கிணற்றுச் சுவரைத்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் இருப்பது அதற்குப் பிந்தியது.

கிணறு இல்லையென்றால் மரங்களைப் பாருங்கள். ஆற்றங்கரை மருதமும் புங்கமும் கிளையில் சிக்கிய காய்ந்த நாணல், கிழிந்த சேலைத்துணி, பாலிதீன் பை ஆகியவற்றை மாதக்கணக்கில் வைத்திருக்கும். தரையிலிருந்து அவை எவ்வளவு உயரத்தில் தொங்குகின்றன என்று கையால் அளந்தால் போன வெள்ளத்தின் உயரம் தெரிந்துவிடும். மேற்குப் பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட ஒருவர் மனைக்கு நடுவே நின்ற வேப்பமரத்தைக் காட்டி, “அந்தா, அந்தக் கிளை பிரியுற இடம் வரைக்கும் நின்னுச்சு அண்ணாச்சி. ரெண்டு ராத்திரி நாங்க யாரும் இந்தப் பக்கம் இறங்கல” என்றார். மனை விற்பவர் அந்த மரத்தடியில்தான் கார் நிறுத்தியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது.

ஆறு வளைகிற இடமானால் நீங்கள் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்று கவனியுங்கள். வளைவில் தண்ணீரின் வேகம் வெளிக்கரையில் அதிகம், உட்கரையில் குறைவு. வெளிக்கரையை ஆறு ஆண்டுதோறும் தின்கிறது. உட்கரையில் மணலைக் கொட்டுகிறது. வெளிக்கரை உயரமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பார்வைக்கு அழகு, வெள்ளம் ஏறாது என்று தோன்றும், விலையும் அதிகம் சொல்வார்கள். வெள்ளம் ஏறாமல் இருக்கலாம், ஆனால் நிலமே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உட்கரை குறையாது, ஆனால் முதலில் முழுகுவது அதுதான்.

மலை ஓடை பள்ளத்தாக்கை விட்டுச் சமதளத்தில் இறங்கும் வாயில் உள்ள நிலம் இன்னும் கவனம் கேட்பது. மலையிலிருந்து வேகமாக வந்த நீர் சட்டென்று வேகம் இழந்து, சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் விசிறி வடிவில் பரப்பி வைக்கும். பார்க்க நல்ல வடிகாலுள்ள, மெல்லச் சரியும், தோட்டத்துக்கேற்ற நிலம். ஆனால் அந்த விசிறியின் மேல் ஓடை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாதை மாற்றும். 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி உத்தரகண்டின் தராலி கிராமத்தில் சேறும் பாறையுமாக வந்த வெள்ளம் வீடுகளையும் விடுதிகளையும் வாரிக்கொண்டு போனது இப்படிப்பட்ட விசிறிப் படிவின் மேல்தான். 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் நிலச்சரிவு கிளம்பிய இடம் வேறு, ஆள்கள் செத்த இடம் வேறு. மண்வெள்ளம் ஆற்றுப் பாதையைப் பிடித்துக் கிலோமீட்டர் கணக்கில் இறங்கிக் கரையோர வீடுகளை எடுத்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2025 ஜூலை 4 விடியற்காலை குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி ஏறியது. பணக்கார நாடு, எச்சரிக்கைக் கருவி எல்லாம் உண்டு. தூக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த 45 நிமிடம் போதவில்லை.

ஆற்றங்கரை வேண்டாம், குளக்கரை வாங்கிக்கொள்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். சிற்றாற்றின் அணைக்கட்டுகளிலிருந்து கால்கள் பிரிந்து, குளத்துக்குக் குளம் தொடுத்து, கீழப்பாவூர், சுரண்டைப் பக்கமெல்லாம் நீர் போகும் ஏற்பாடு பழையது, அருமையானது. பறவை வரும் குளத்தைப் பார்த்தபடி வீடு இருப்பது நல்ல விஷயம். ஆனால் எந்தப் பக்கம் என்பது முக்கியம். குளத்தின் கரைக்குக் கீழ்ப்புறம் மறுகால் பாயும் பாதை ஒன்று இருக்கும். குளம் நிரம்பி மறுகால் விழாத ஆண்டுகளில் அது வெறும் பள்ளம். முள் அடைந்து கிடக்கும். சிலர் நிரவி மனை போட்டுவிடுவார்கள். நிரம்பிய ஆண்டில் தண்ணீர் தன் பழைய வழியில் வரும். குளத்தின் மேல்புறம், தண்ணீர் பின்வாங்கியிருக்கும் உள்வாயில், கோடைக் காலத்தில் நல்ல சமதளமாக மனை தெரியும். அது குளத்துக்குச் சொந்தமான இடம். மேலே கூடுதல் மண் கொட்டி உயர்த்திக் கட்டினாலும், குளம் தேக்க வேண்டிய தண்ணீரை அக்கம்பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவதாகவே அது முடியும். நஞ்சையை மண் போட்டு நிரவிய மனைகளிலும் ஒரு சிக்கல் உண்டு: புதிதாகக் கொட்டிய மண் சில ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு மூலை கூடவும் ஒரு மூலை குறையவும் இறங்கினால் சுவர் மூலைவிட்டமாகப் பிளக்கும்.

பத்திரங்களுக்கு வருவோம். வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள் அதிகம். விற்றவர் வாங்கியவர் கணக்கை அது சொல்லும். நிலம் ஓடையா இல்லையா என்று அது சொல்லாது. அதற்கு ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் பார்க்க வேண்டும். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, குளம் என்று எந்தச் சர்வே எண் உங்கள் மனையை ஒட்டி இருக்கிறது, எல்லைக்கல் எங்கே விழுகிறது என்று உரிமம் பெற்ற நில அளவரை வைத்து அளந்துவிடுங்கள். 1980களில் நடந்த யூ.டி.ஆர். நில அளவையில் ஏற்பட்ட பிழைகளால் ஓடை சில இடங்களில் பட்டாவாகியிருக்கும். எனவே அதற்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். செங்கோட்டை வட்டாரத்தில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்த பகுதி. பழைய ஆவணங்கள் அந்த முறையில் அமைந்தவை.

ஓடைப் புறம்போக்குக்குப் பட்டா இருந்தாலும், வரி கட்டியிருந்தாலும், மின் இணைப்பு வாங்கியிருந்தாலும் நீதிமன்றத்தில் அது நிற்காது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. 2011இல் உச்ச நீதிமன்றமும் ஊர்ப் பொது நிலங்கள் குறித்துக் கடுமையாகச் சொன்னது. குளங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 2007இல் தனிச் சட்டமே வந்தது. மலையடிவாரக் கிராமங்கள் பல ‘ஹாகா’ என்று சுருக்கிச் சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளன. உங்கள் கிராமம் பட்டியலில் இருந்தால் மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அந்தக் குழுமத்தின் அனுமதி தேவையா, வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். நீர்நிலையை ஒட்டிய மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று உண்டா, அதில் தரைமட்டம் எவ்வளவு உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அந்த ஒரு தாளில் எழுதியிருக்கும் உயரம்தான் அரசுப் பொறியாளர் அந்த இடத்து வெள்ளத்தைப் பற்றி எழுத்தில் சொன்ன ஒரே சொல்.

‘எங்கள் மனைக்குள்ளேயே தனி அருவி’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். குற்றாலம் பகுதியில் இயற்கை ஓடைகளைத் திருப்பித் தனியார் விடுதிகளில் செயற்கை அருவி உண்டாக்கிய விவகாரம் 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. அப்படித் திருப்பியவர்கள் மீது நடவடிக்கை எடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மலையில் ஓடையைத் திருப்பினால் கீழே ஒரு குளம் நிரம்பாமல் போகும். அந்தக் குளத்தை நம்பி நெல் போட்டவருக்கு அது களவு.

வெள்ளமே வராத ஆண்டுகளிலும் தண்ணீர் பக்கத்து வீடு சில தொல்லைகளைத் தரும். நிலத்தடி நீர்மட்டம் தரையை ஒட்டி இருக்கும்போது விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் தண்ணீரை மேலிழுக்கும். சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிரும். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பட்டை போட்டிருக்கிறார்களா என்று கட்டிய வீட்டை வாங்குகிறவர் கேட்க வேண்டும். புதிதாக வெள்ளையடித்த சுவரில் தெரியாது. மர அலமாரியின் பின்பலகையையும் கதவு நிலையின் அடிக்கட்டையையும் தொட்டுப் பாருங்கள். குற்றாலத்தில் இன்னொன்று: சாரல் மேற்குக் காற்றோடு கிடைமட்டமாக வருகிறது. மேற்குச் சுவரில் பெரிய சன்னல் வைத்த வீடு ஆடி முழுக்க உள்ளே நனையும். பழைய வீடுகளில் மேற்கே சாய்ப்பு இறக்கி, வாசலை வேறு திசையில் வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

கழிவுத்தொட்டியை மறந்துவிடுகிறார்கள். நீர்மட்டம் உயர்ந்த நிலத்தில் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்சாது. மழைக்காலத்தில் கழிவறையில் நீர் திரும்பி மேலேறும். உறிஞ்சினாலும் மணல்பாங்கான கரையில் அது சரியாக வடிகட்டப்படாமல் ஆற்றுக்கோ உங்கள் கிணற்றுக்கோ போய்ச் சேரும். கிணற்றுக்கும் தொட்டிக்கும் 60 அடியாவது இடைவெளி வேண்டும். சிறு மனையில் அதற்கு இடம் இருக்காது, பக்கத்து மனைக்காரரின் தொட்டி எங்கே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிற்றாறு இங்கிருந்து அணைக்கட்டுக்கு அணைக்கட்டு இறங்கிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. வழி நெடுக அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆற்றங்கரை என்றால் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீருக்குப் பஞ்சமிருக்காது என்பதும் சரியல்ல. கெட்டிப் பாறைப் பகுதியில் நீர் இருப்பது பாறை வெடிப்புகளிலும் மேலடுக்கு உக்கல் மண்ணிலும்தான். ஆற்றிலிருந்து 50 அடி தூரத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறு வெடிப்பைத் தொடாவிட்டால் வறண்டுபோகும். சித்திரையில் சிற்றாறு பாறைக்கு நடுவே குட்டைகளாகச் சுருங்கும்போது பக்கத்து வீட்டில் தண்ணீர் லாரி நிற்கிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா என்கிற வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும் நிலச்சரிவையும் உள்ளடக்கியது. ஆனால் அது கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவைத் தரும். ஆறு அரித்துக் கொண்டுபோன மண்ணுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். ஆற்றங்கரை மனையில் நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. பிடித்துப்போன மனையை ஒரு கார்த்திகையிலும் ஒரு சித்திரையிலும் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அதுவரை பொறுக்க மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் வேறு இடம் பாருங்கள். தண்ணீர் பக்கத்திலேயே வேண்டும் என்கிறவர்கள் கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய நத்தத்தை ஒட்டிய மேட்டில் வாங்குங்கள். ஊரைக் கட்டியவர்கள் அந்த மேட்டைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. இலஞ்சியானாலும் மேலகரமானாலும் மேட்டுத் தெருவுக்கும் அதே சாரல்தான் அடிக்கிறது, குளிக்க ஆற்றுக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும்.